அப்பாவின் பிரசங்க நோட்டுகளோடு தெற்கே நான்கு நாள்

ஜூலை 11, வெள்ளி. பாளையங்கோட்டை

அப்பா போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. அவருடைய அலமாரியில் பதினான்கு நோட்டுகள் இருந்தன. எல்லாம் பிரசங்கக் குறிப்புகள். அப்பா குருப்பட்டம் பெற்றவர் இல்லை. உபதேசியார். எங்கள் பக்கத்துச் சபைகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு சேகரத்தில் பல கிராமங்கள் இருக்கும், ஐயர், அதாவது குருவானவர், ஒருவர்தான் இருப்பார். அவர் முறை வைத்து வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஊரோடு கிடந்து ஆராதனை நடத்துகிறவரும், பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கிறவரும், சாவு வீட்டில் முதலில் போய் நிற்கிறவரும் உபதேசியார்தான். அப்பா முப்பத்தொரு வருடம் அதைச் செய்தார்.

"அந்த நோட்ட இங்க பூட்டி வச்சு என்ன செய்ய? அவ்வோ ஊழியம் செஞ்ச ஊர்ல ஒருக்காக் காட்டிட்டு வா" என்று அம்மா சொன்னாள். அவளுக்கு முழங்கால் வலி, வர முடியாது. கோயம்புத்தூரிலிருந்து தனியாகக் கிளம்பினேன். பதினான்கு நோட்டும் ஒரு துணிப்பையில். நல்ல கனம்.

பாளையங்கோட்டையில் காலையில் சாரல். குற்றாலத்தில் சீசன் என்றால் இங்கேயும் அந்தக் காற்று கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நாலு இட்லி, ஒரு வடை, காபி எண்பது ரூபாய். கேட்காமலே இரண்டாம் முறை சாம்பார் ஊற்றினார்கள்.

முதலில் கிளாரிந்தா ஆலயம். ஊரார் வாயில் பாப்பாத்தி அம்மாள் கோயில். சின்னக் கட்டடம். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை ஒருவர், ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தவர், ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு 1778-இல்தான் கொடுத்தார். ஆனால் அந்தம்மாள் அதற்காகக் காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர். 1785-இல் இந்த ஆலயம். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளவும் போதிக்கவும் ஆள் வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டதில் தஞ்சாவூரிலிருந்து வந்தவர்களில் சத்தியநாதன் என்ற உபதேசியாரும் ஒருவர். திருநெல்வேலியில் முதலில் பேசியது ஒரு பெண், அவருக்குப் பின்னால் ஓர் உபதேசியார் என்பதை அங்கே நின்று நினைத்தபோது பை கொஞ்சம் இலேசான மாதிரி இருந்தது.

அங்கிருந்து ஊசிக்கோபுரம். ரேனியஸ் ஐயர் காலத்தில் 1826-இல் கட்டிய ஆலயம். ஜெர்மன்காரரான அவர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838-இல் இங்கேயே இறந்தார். அடைக்கலாபுரத்தில் கல்லறை. அவருடைய நாட்குறிப்புகளில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தான் என்ன பிரசங்கித்தார் என்பதோடு எதிரே நின்றவர்கள் என்ன கேட்டார்கள், எங்கே மடக்கினார்கள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். மர நிழலில் நின்று பேசினால் கேள்வி வரத்தானே செய்யும்.

சாயங்காலம் பஸ் நிலையத்தில் ஒருவர் கையில் சின்ன மைக்கோடு பிரசங்கித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வியர்வை. ஒருவரும் நிற்கவில்லை. நான் பத்து நிமிடம் நின்றேன். கைப்பிரதி நீட்டினார். "நான் சபைக்குப் போறவதான் அண்ணாச்சி" என்றேன். "அப்போ பக்கத்துல இருக்கவங்களுக்குக் குடுங்கம்மா" என்றார். பக்கத்தில் இருந்த பெண் வாங்கிக்கொள்ளத் தயங்கினாள். முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நோட்டீஸ் ஒன்று கை மாறுவதையே உற்றுப் பார்க்கிற காலமாகிவிட்டது. மத நம்பிக்கையை எடுத்துச் சொல்லும் உரிமை அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. அதைச் சொல்லி அந்தப் பெண்ணின் பயத்தைப் போக்க முடியாது. அந்த அண்ணாச்சிக்கு அவள் யார் என்று தெரியாது, அவளுக்கும் அவரைத் தெரியாது. எனக்கு மனது கஷ்டமாக இருந்தது, இரண்டு பேருக்காகவும்.

ஜூலை 12, சனி. நாசரேத், மூக்குப்பீறி, மெஞ்ஞானபுரம்

விடுதியில் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. ஐந்தரைக்கு அம்மாவிடமிருந்து வழக்கம்போல வாக்குத்தத்த வசனம் வாட்ஸ்அப்பில் வந்தது. ரோஜாப்பூப் படம், கீழே ஒரு பிரசங்கியாரின் போட்டோ. அதோடு சேர்த்து மூன்று பேர் அதே படத்தை அனுப்பியிருந்தார்கள்.

நாசரேத்துக்கு வந்ததும் ஆப்பம் சாப்பிட்டேன். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் தனிக் கிண்ணத்தில். மூன்று ஆப்பம் நாற்பத்தைந்து ரூபாய். கடைக்காரம்மா என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏ யம்மா, கல்லா கொண்டு போற?" என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பார்த்து வந்ததற்குக் காரணம் உண்டு. நாசரேத்தை ஒட்டிய மூக்குப்பீறி, பிரகாசபுரம் பக்கம் ஒரு சபை இருக்கிறது. 1857-இல் அருமைநாயகம் என்கிற சட்டம்பிள்ளை தொடங்கியது. மிஷனரிகளோடு மோதி, வெள்ளைக்காரர் தொடர்பே வேண்டாம் என்று பிரிந்தவர். ஓய்வுநாள் சனிக்கிழமை, ஆராதனையில் சாம்பிராணி, தரையில் உட்கார்ந்து தொழுவது என்று வேதத்தைத் தானே படித்துத் தன் ஜனத்துக்கு ஏற்றபடி முறை வகுத்தார். அந்த மோதலுக்கு ஒரு பின்னணி உண்டு. கால்டுவெல் ஐயர் 1849-இல் நாடார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். யார் நடுவில் இருந்து பிரசங்கித்தாரோ அவர்களையே தாழ்த்தி எழுதினார். ஆங்கிலம் படித்த அடுத்த தலைமுறை அதை வாசித்துக் கொதித்தது. எதிர்த்து எழுதியவர்களில் சட்டம்பிள்ளையும் ஒருவர்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை முடிந்துவிட்டது. வெளியே நின்ற பெரியவர் ஒருவர் நாற்காலி எடுத்துப் போட்டு மோர் கொடுத்தார். "எங்க ஆளுக அன்னைக்கே கேட்டுட்டாவம்மா, நீ சொல்லுதது வேதம், சரி. எங்களப் பத்தி நீ எழுதுனது என்ன வேதம்னு" என்றார். சிறு வயதில் எங்கள் வீட்டில் இந்தச் சபையைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், வழி தவறிப் போனவர்கள் என்கிற மாதிரி. எனக்கு இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. பிரசங்கத்தைக் காது கொடுத்துக் கேட்டவன்தான் இப்படித் திருப்பிக் கேட்க முடியும்.

மத்தியானத்துக்கு மேல் மெஞ்ஞானபுரம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். கண்டக்டர் பைக்கு மட்டும் டிக்கெட் போடவா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டார். 192 அடிக் கோபுரம் செம்மணல் மேடான தேரிக்கு மேலே வெகு தூரத்திலிருந்தே தெரிகிறது. ஜாண் தாமஸ் ஐயர் 1837-இல் வந்து, மணல்காட்டில் கிணறு வெட்டி மரம் வைத்து ஊராக்கிய இடம். உள்ளே அரை மணி நேரம் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். யாரும் எழுப்பவில்லை.

ராத்திரி பக்கத்து ஊர் மைதானத்தில் நற்செய்திக் கூட்டம். எல்இடி திரை, நான்கு மூலையிலும் ஸ்பீக்கர், அகில உலகமும் நேரலை என்று அறிவிப்பு. பிரசங்கியார் இரண்டு மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். பிள்ளைகளுக்காக அழுகிற தாய்மாரைப் பற்றிச் சொன்னபோது எனக்கும் கண் நிறைந்தது. முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கார் நின்றது, ஏறிப் போய்விட்டார். அவரிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று ஓர் அக்கா கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு போனவர், வெறுங்கையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் சவூதியில். எட்டு மாதமாகச் சரியாகப் பேசுவதில்லை. "ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துரும். அப்போ இந்த ஐயா பேசுதத போன்ல போட்டு நெஞ்சு மேல வச்சுக்கிடுவேன். அதாம்மா என்னைய உசுரோட வச்சிருக்கு" என்றார். இதைக் கேட்டபிறகு போன் பிரசங்கத்தைப் பற்றிக் குறைவாகப் பேச எனக்கு வாய் வராது. அம்மாவும் அப்படித்தான் ஞாயிறு காலையில் டிவி முன்னால் முக்காடு போட்டு உட்காருகிறாள். ஆனால் அந்த அக்காவின் கேள்வி அவரிடமே இருந்துவிட்டது. "என்ன கேக்கணும்னு வந்தீங்க?" என்றேன். சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே ஜெபித்தோம். அது இங்கே எழுதுவதற்கு இல்லை.

ஜூலை 13, ஞாயிறு. அப்பாவின் ஊர்

ஊர் பெயர் வேண்டாம். சாத்தான்குளத்தைத் தாண்டி, அறுபது எழுபது வீடு. நாங்கள் அங்கிருந்து போனபோது எனக்கு ஒன்பது வயது. ஓடு மாற்றிக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். மணி மட்டும் பழைய மணி.

இப்போது இருக்கும் சபை ஊழியர் இருபத்தேழு வயதுப் பையன். டேப்லட்டில் குறிப்பு வைத்துப் பேசினார். வழிகாட்டும் தேவன் என்பதற்கு கூகுள் மேப் உதாரணம். பாடல் கீர்த்தனையும் பாமாலையுமாக நன்றாக இருந்தது, பெஞ்சில் பாதி காலி. வாலிபர்கள் எல்லாம் சென்னை, திருப்பூர், வளைகுடா. பின்னால் ஒரு ஸ்டாண்டில் போன் வைத்து நேரலை போகிறது. உள்ளே நாற்பது பேர் இருந்தோம், வெளியூரிலிருந்து அறுபத்தெட்டுப் பேர் பார்த்தார்கள் என்று பிறகு சொன்னார்.

ஆராதனை முடிந்து நான் யார் என்று சொன்னதும் கூட்டம் கூடிவிட்டது. "உபதேசியாரய்யா மவளா? மூக்கப் பாரு, அப்படியே!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு தாத்தா கம்பை ஊன்றி வந்தார். பனையேறி. எண்பது தாண்டியிருக்கும். நெஞ்சில் மரம் உரசிக் காய்த்த தழும்பு சட்டைப் பித்தானுக்கு மேலே தெரிந்தது.

"ஒங்கப்பா என்கிட்டத் தோத்த கதைய எழுதி வச்சிருக்காவளான்னு பாரு" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். யோவான் 15-ஆம் அதிகாரம், கனி பெருகப் பிதா கொடிகளைச் சுத்தம் செய்கிற திராட்சைச்செடி உவமை. இந்த ஊரில் யார் திராட்சையைக் கண்டது? அப்பா அதைப் பனையாக மாற்றிப் பிரசங்கித்திருக்கிறார். பிதா பாளையை வெட்டுகிறார், வெட்ட வெட்டப் பதநீர் பெருகும் என்று. ஆராதனை முடிந்ததும் இவர் வாசலில் மறித்திருக்கிறார். "ஐயா, பாளைய வெட்டுனா மரம் என்னத்துக்கு ஆவும்? சீவணும். மெல்லிசா, அந்திச் சந்தி சீவணும். ஒரு நேரம் விட்டா அடைச்சுக்கிடும். வெட்டுதவன் பனையேறி இல்ல, விறகு வெட்டி." அப்பா மறுபேச்சு பேசவில்லையாம். திங்கட்கிழமை விடியற்காலம் இவரோடு பனங்காட்டுக்கே போய், கீழே நின்று அண்ணாந்து பார்த்து, கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதிலிருந்து பனங்காட்டுக் குடிசையான விடிலியில் பதநீர் காய்ச்சுவது வரை கேட்டிருக்கிறார்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தேடினோம். ஒன்பதாவது நோட்டில் இருந்தது, 1987. குறிப்பின் ஓரத்தில் வேறு மையில் அப்பாவின் எழுத்து: "வெட்டு அல்ல. சீவு. தினம். விட்டால் ஊற்று அடைக்கும்." பக்கத்தில் தாத்தாவின் பெயர். அடுத்த வாரத்துக் குறிப்பின் முதல் வரி: "சென்ற வாரம் தவறாகச் சொன்னேன்."

அந்த வரியைச் சத்தமாக வாசித்தேன். தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரசங்க பீடத்துல நின்னுல்லா சொன்னாவ. எம்பேரச் சொல்லிச் சொன்னாவ" என்றார்.

அதற்குப் பிறகு மற்ற நோட்டுகளையும் ஓரம் பார்த்துப் புரட்டினேன். இவ்வளவு நாளும் நடுப்பக்கத்தை மட்டும்தான் வாசித்திருக்கிறேன். ஓரமெல்லாம் பெயர்கள். "இவள் வீட்டில் சாவு, இந்த உவமை இப்போது வேண்டாம்." "கேள்வி கேட்டான், பதில் தெரியவில்லை, ஐயரிடம் கேட்க." "நீளம்." "கிருபை என்றால் என்ன என்று பாட்டி கேட்டார்." இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் நின்றுவிட்டேன். நம் பிரசங்க மொழி 1871-இல் வெளிவந்த, பவர் ஐயர் குழு மொழிபெயர்த்த வேதாகமத்தின் மொழி. கிருபை, நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல். காதுக்கு இனிமையாக இருக்கிறது, சொல்லிச் சொல்லிப் பழகியும் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே அர்த்தம் தெரியாமல் ஓர் ஆயுளைக் கழித்துவிடலாம். பாட்டி கேட்டிருக்கிறார்.

கோயம்புத்தூரில் எங்கள் சபையில் பதினைந்து வருடமாகக் கை கொடுத்துவிட்டு "செய்தி ஆசீர்வாதமா இருந்தது ஐயா" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு முதல் முறையாக அந்தச் சபை ஊழியரிடம், "தம்பி, கூகுள் மேப் உதாரணம் எனக்குப் புரிஞ்சது. முன்வரிசைல இருந்த ஆச்சிமாருக்குப் புரிஞ்சுதான்னு கேட்டுப் பாருங்க" என்றேன். பயந்துகொண்டுதான் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிடம் வாடியது. பிறகு, "எனக்கு யாருமே எதுவும் சொல்றது இல்லக்கா. லைக் மட்டும் போடுவாங்க" என்றார். ஒன்பதாவது நோட்டைக் கேட்டு வாங்கிப் பத்துப் பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டார்.

தாத்தா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு, ரசம். கடைசியில் பதநீரைப் பாகாகக் காய்ச்சிய கூப்பனி ஒரு கிண்ணம். பேத்தி இன்ஜினீயரிங் படிக்கிறாள். ஊரில் இப்போது பனை ஏறுகிறவர்கள் மூன்றே பேர் என்றாள். அப்படியானால் பாளை உவமையும் இன்னும் பத்து வருடத்தில் இங்கே திராட்சைச்செடி மாதிரிதான் ஆகும்.

ஜூலை 14, திங்கள். முதலூர், திசையன்விளை, இடையன்குடி, மணப்பாடு

காலையில் முதலூர். 1799-இல் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலமாக உண்டான முதல் ஊர், அதனால்தான் அந்தப் பெயர். தாவீது சுந்தரானந்தம் உழைத்த இடம், அவரும் உபதேசியார்தான். தேங்காய்ப் பாலில் கிண்டிய மஸ்கோத் அல்வா கால் கிலோ தொண்ணூறு ரூபாய். அம்மாவுக்காக வாங்கினேன்.

திசையன்விளையில்தான் அது நடந்தது. ஆடி பிறக்கப் போகிற நேரத்துக் காற்று, செம்மண்ணை வாரி அடிக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பையின் காது அறுந்து நோட்டுகள் கீழே விழுந்தன. பழைய தையல் விட்டுப்போய்த் தாள்கள் பறந்தன. எனக்குக் கத்தக்கூட வரவில்லை. டீக்கடைப் பையன் ஓடினான், ஆட்டோக்காரர்கள் ஓடினார்கள், தொப்பி போட்ட ஒரு பாய் பஸ்ஸுக்கு அடியில் குனிந்து கம்பால் இழுத்தார். ஒரு பெண் போலீஸ் வரும் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். இருபது நிமிடம். பாய் ஒரு தாளைத் தந்துவிட்டுப் போகாமல் நின்று, "நல்லா எழுதியிருக்காங்கம்மா. பொறணி பேசுறதப் பத்தி. எங்க ஹஜ்ரத்தும் போன வெள்ளிக்கிழமை இதான் பேசினாங்க" என்றார். எண்ணிப் பார்த்ததில் ஒரு தாள் குறைந்தது. டீக்கடைத் தம்பியிடம் என் நம்பரைக் கொடுத்தேன். டீக்கு அவன் காசு வாங்கவில்லை. பழைய அரிசிச் சாக்கு ஒன்றைக் கொடுத்து அதில் கட்டித் தந்தான்.

சாக்கோடு இடையன்குடி. கால்டுவெல் ஐயர் சென்னையிலிருந்து நீலகிரி வழியாகக் கால்நடையாகவே தெற்கே வந்து, 1841-இல் இங்கே தங்கினார். ஆலயத்தை 1847-இல் தொடங்கி 1880-இல் முடித்தார், 33 வருடம். கொடைக்கானலில் 1891-இல் இறந்தவரை இங்கே கொண்டுவந்து ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். ஒப்பிலக்கணம் எழுதிய அந்தப் பெரிய மனிதரின் கல்லறை முன்னால் நின்றபோது சனிக்கிழமை மோர் கொடுத்த பெரியவரின் கேள்வியும் கூடவே நின்றது. ஐம்பது வருடம் இந்த மண்ணில் கிடந்தவர் என்பதும் உண்மை, அந்தப் புத்தகமும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க எனக்கு மனசில்லை. அவருக்கும் ஒரு பனையேறி வாசலில் மறித்திருக்க வேண்டும். மறித்தார்கள்தான், புத்தகம் வெளிவந்த பிறகு.

மூன்று மணிக்கு மணப்பாடு. ஊர்க்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் சீலாமீன் குழம்பும் சோறும் நூற்றிருபது ரூபாய். மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே சவேரியார் தங்கிய குகை. கடல் முகத்தில் அறைகிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

சவேரியார் இந்தக் கரைக்கு 1542-இல் வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்து விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளை ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, கைமணி ஆட்டித் தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அந்த முதல் மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. பின்னால் வந்த ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் பரதவர்களிடம் முறையாகத் தமிழ் படித்து அவற்றைத் திருத்தினார். அவர் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சானது, 16 பக்கம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. அந்தத் திருத்தங்களைச் சொல்லிக்கொடுத்த பரதவர்களின் பெயர் எந்த ஓரத்திலாவது எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

உடன்குடியில் கருப்பட்டி ஒரு கிலோ, முந்நூற்றைம்பது சொன்னார், முந்நூற்று முப்பதுக்குத் தந்தார். திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏழு மணி இருக்கும், போனில் ஒரு படம் வந்தது. அப்பாவின் தாள். சாக்கடை ஓரம் கிடந்ததாம், பாதி நனைந்து மை ஊறியிருந்தது. கீழே டீக்கடைத் தம்பி எழுதியிருந்தான்: "அக்கா கிடைச்சிடுச்சு. காயப் போட்டிருக்கேன். நானும் படிச்சேன். மூணாவது வரில 'மன்னிக்கிறது'க்கு அடுத்து என்ன எழுதியிருக்கு? தெரியல."

எனக்கும் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், கலங்கலாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு அனுப்பினேன். அப்பாவின் எழுத்தை அவளைத் தவிர யாரும் முழுதாக வாசித்ததில்லை. பத்து நிமிடம் கழித்து அம்மாவிடமிருந்து குரல் பதிவு வந்தது, கண்ணாடியைத் தேடியதாகச் சொல்லிவிட்டு முழுத் தாளையும் வாசித்திருந்தாள். அதை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன்.